சின்னவன் விழித்திருந்த அரை மணி

அத்தியாயம் ஒன்பது

குளிர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி ரேடியோவின் கையோடு வந்துவிட்டது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பொண்ணு உள்ள மாட்டிச் செத்து ஒரு மாசம் ஆகுது. ரெண்டு ஸ்க்ரூ போட இந்தக் கம்பெனிக்கு இன்னும் மனசு வரல."

"போட்டாச்சும்மா," என்றார் ஸ்டோர்கீப்பர். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு காலை வாசலிலேயே ஊன்றியிருந்தார். "நேத்துகூட இறுகத்தான் இருந்துச்சு. யாரோ கழட்டியிருக்காங்க."

பூட்டு அந்தக் கைப்பிடியை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவருக்குத் தொழில். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர், வைத்தவள் ரேடியோ. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததோடு அவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். துப்பறியும் அலுவலகத்தில் இருப்பது அவர்கள் இருவர்தான். பேச வேண்டியதையெல்லாம் அவள் பேசினாள். யோசிக்க வேண்டியதில் பாதியை அவர் யோசித்தார் என்பது அவளுடைய கணிப்பு.

மருந்துக் கிடங்கு அது. குளிர் அறையின் சுவரில் ஒரு சின்னப் பலகை. அதில் ஒரு சிவப்புப் பொத்தான், அதற்குக் கீழே அணைந்திருந்த ஒரு பச்சை விளக்கு. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும். மேலே இருக்கும் கண்காணிப்புக் கணினி உடனே ஆட்களுக்குத் தகவல் அனுப்பும். போன மாதம் ஒரு மதியம் இங்கே மாட்டிக்கொண்ட மருந்தாளுநர் பொத்தானை அமுக்கியிருந்தாள். யாரும் வரவில்லை.

"அன்னிக்குத் திறந்தது நீங்கதானே?" என்றார் பூட்டு.

"ஆமா சார். சாயங்காலம் பூட்ட வந்தேன். பொத்தான் அமுங்கி இருந்துச்சு. அவங்க கதவுப் பக்கமே இல்ல. அந்தப் பெட்டி மேல, சுவத்துல சாஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு இந்தப் பலகையைப் பாத்த மாதிரி உட்கார்ந்திருந்தாங்க."

"கதவைத் தட்டலையா? உதைக்கலையா?"

"அப்படி ஒரு அடையாளமும் இல்ல சார். பஸ்ஸுக்குக் காத்திருக்குற மாதிரி. பச்சை லைட்டுகூட எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

பூட்டு மெல்லத் திரும்பினார். "இதை விசாரணைல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே சார். லைட்டுன்னு வெச்சா எரியத்தானே செய்யும். அப்புறம் சூப்பர்வைசர் ஓடி வந்து, சாவி போட்டு அணைச்சாரு. பாவம், கூடப்பிறந்த தங்கச்சி அங்க கிடக்கு. மனுஷன் அப்பவும் வேலையை விடல."

மாடிப்படியில் ஏறும்போது ரேடியோவுக்குப் பல் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "நாம சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்கன்னு சொல்லி உள்ள வந்திருக்கோம் சார். யாராவது கேள்வி கேட்டா நான் என்ன சொல்றது?"

"ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லு."

சிஸ்டம் அறையில் குளிர் சற்றுக் குறைவு, இரைச்சல் அதிகம். ஆளுயர இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். இறந்தவளின் கணவர். முப்பது வயதுகூட இருக்காது. சவரம் செய்திருந்தார், சட்டை தேய்த்திருந்தார், ஆனால் முகத்தை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். மனைவி இறந்த நேரத்தில் கண்காணிப்புக் கணினிகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அலாரம் தொலைந்ததற்கு அவருடைய கவனக்குறைவே காரணம் என்று கம்பெனி விசாரணை எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. அந்த இயந்திரங்களின் குணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்று பாதியில் நின்ற வேலையை இன்று மறுபடி செய்துகொண்டிருந்தார். பூட்டுவை ரகசியமாக வரவழைத்தவரும் அவர்தான், கேட்டது ஒன்றுதான். யார் காரணம், அந்தப் பெயர்.

"பேர் தெரிஞ்சுதா?" என்றார் இப்போதும்.

"இன்னும் இல்ல. இந்தம்மாவுக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க."

"ரெண்டு மெஷின். பெரியவன், சின்னவன். இந்தக் கட்டடத்துல எது கெட்டாலும் பாத்துச் சொல்றது இவங்க வேலை. ஒருத்தன் வேலை செய்வான். ஒருத்தன் சும்மா நிப்பான். விநாடிக்கொரு தரம் 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்குவாங்க. பதில் வரலைன்னா மத்தவன் எடுத்துக்குவான்."

"ரெண்டு பேரும் 'அவன் போயிட்டான், இனிமே நான்தான் ஆள்'னு கிளம்பிட்டா?"

"அதுக்குத்தான் நாட்டாமை. பக்கத்துக் கட்டடத்துல ஒரு சின்ன மெஷின். அவன் யாருக்குக் கை தூக்குறானோ அவன்தான் ஆள்."

"எங்க வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரியே இருக்கு. நாட்டாமைக்குத்தான் கரண்ட் இல்ல."

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "அப்கிரேட்னா, முதல்ல சும்மா நிக்கிறவனைப் புதுசு பண்ணணும். அவன்கிட்ட வேலையைக் குடுத்துட்டு அப்புறம் அடுத்தவன். ரெண்டு பேரும் ஒண்ணாத் தூங்கவே கூடாது. அன்னிக்கும் தூங்கல. சின்னவன் புதுசாகி அரை மணி நேரம் தனியா ஓடினான். அப்ப மேனேஜர் போன் பண்ணாரு. 'என் ஸ்க்ரீன் வெள்ளையா இருக்கு, உடனே பழசைப் போடு'ன்னு கத்தினாரு. வேலையைப் பெரியவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, சின்னவனைத் துடைச்சுட்டேன்."

"சின்னவன் அந்த அரை மணில பாத்ததெல்லாம்?"

"அவனோட போச்சு. புதுசும் பழசும் 'இருக்கியா'ன்னு மட்டும்தான் கேட்டுக்கும். கதை பேசாது. பொத்தான் அமுங்குற நொடிலதான் தகவல் போகும், அப்புறம் வந்தவனுக்கு அது தெரியாது."

பூட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குளிர் அறைல அந்தப் பச்சை விளக்கு எப்ப எரியும்?"

"எரியாது சார். பழைய வெர்ஷனுக்கு அப்படி ஒரு விளக்கு இருக்குறதே தெரியாது, ஏத்தவும் தெரியாது, எரியறதை அணைக்கவும் தெரியாது. புதுசுல மட்டும்தான். யாராவது போனை எடுத்து, கீழ்மூலைல இருக்குற 'பார்த்துவிட்டேன்'னு அமுக்கினா எரியும். உள்ள இருக்குறவங்களுக்கு ஆள் வருதுன்னு தெரியணும்ல."

"உங்க வீட்டம்மாவுக்கு இது தெரியுமா?"

"முந்தின நாள் நான்தான் சொன்னேன். பச்சை எரிஞ்சா பயப்படாத, ஓடாத, சும்மா உட்காரு, ஆள் வந்துடும்னு."

"எரிஞ்சிருக்கு," என்றார் பூட்டு.

அலமாரிகள் இரைந்துகொண்டிருந்தன. இன்ஜினியரின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

"அப்ப அலாரம் தொலையல," என்றார் அவர் கடைசியில். "யாரோ பாத்திருக்காங்க."

"பாத்துட்டு விட்டிருக்காங்க. யார் யார் போனுக்குப் போகும்?"

"மூணு பேர். மேனேஜர், ஸ்டோர்கீப்பர், அப்புறம் என் மச்சான், எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். மூணு பேருமே எதுவும் வரலைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. என் நம்பரை நான் எடுத்திருந்தேன். அப்கிரேட் பண்றவன் நம்பரை எடுத்துடறதுதான் வழக்கம். இல்லைன்னா டெஸ்ட் மெசேஜ் வந்தே போன் செத்துடும். புதுசுல ஒருத்தருக்குத்தான் முதல்ல அடிக்கும். அவர் எடுக்கலைன்னாதான் அடுத்தவர். யார் முதல்லன்னு அதுவே முறை மாத்திக்கும்."

"அன்னிக்கு யார் முறை?"

"சின்னவனுக்குத்தான் தெரியும்."

"அவனைத்தான் குளிப்பாட்டிவிட்டாச்சே," என்றாள் ரேடியோ மெதுவாக.

"போன்ல எப்படி அடிக்கும்?" என்றார் பூட்டு.

"மத்ததுக்கெல்லாம் பீப். ஆளுக்கு ஆபத்துன்னா மட்டும் வேற." இன்ஜினியர் திரையைப் பார்த்தபடியே பேசினார். "டம்ளர்ல ஸ்பூன் தட்டுற சத்தம். மூணு தட்டு, நிறுத்தி, ரெண்டு. வீட்ல நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு வேலை பாத்தா அவ சாப்பிடக் கூப்பிடறது அப்படித்தான். அவளுக்குத் தெரியாம பதிவு பண்ணிப் போட்டேன். எந்த வேலையா இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்துடுவேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஓடிக் காட்டின அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் உள்ளே வந்தார். கையில் தேநீர், பேப்பர் கப்பில். தடித்த தேகம், தூக்கமில்லாத கண். இன்ஜினியரின் தோளில் கை வைத்தார். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை? காலைலயும் ஒண்ணும் சாப்பிடல."

"அப்புறம் சாப்பிடறேன் மச்சான்."

"எப்ப கேட்டாலும் அப்புறம்." அவர் ரேடியோவிடம் திரும்பினார். "சாஃப்ட்வேர்க்காரங்களா? நல்லாப் பண்ணிக் குடுங்கம்மா. ஒரு உயிரையே காவு குடுத்தாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஆள் நாலு மணிக்குக் குளிர் அறையைப் பார்வையிடப் போறானாம் மாப்பிள்ளை. அவன்தானே பழசைப் போடச் சொன்னான். என் இடத்துல வேற எவனாவது இருந்தா உள்ள விட்டுச் சாத்திட்டு வீட்டுக்குப் போய்டுவான். அம்மா தினம் கேக்குது, அந்தப் பாவி பேரு தெரிஞ்சுதான்னு."

"தெரிஞ்சுடும்," என்றார் இன்ஜினியர்.

வராந்தாவுக்கு வந்ததும் ரேடியோ பூட்டுவின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சார், சின்னவன் மறுபடி புதுசாயிட்டான். திரையைப் பாத்தேன். போன் நம்பர் போடற இடத்துல மூணு இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். இன்ஜினியரோடது. வழக்கத்துக்கு நேர்த் தலைகீழ்."

பூட்டு பையிலிருந்து கைப்பிடியை எடுத்துக் காட்டினார். "இதைக் கழட்டினதும் அவர்தான்."

"அப்ப நாலு மணிக்கு மேனேஜர் உள்ள போவாரு. கதவு சாத்திக்கும். பொத்தானை அமுக்குவாரு. இவர் போன்ல மட்டும் அடிக்கும். இவர் எடுக்க மாட்டாரு."

"எடுப்பாரு. எடுத்து 'பார்த்துவிட்டேன்' அமுக்குவாரு. பச்சையைப் பாத்துக்கிட்டு அந்த ஆள் உட்கார்ந்திருக்கணும். அதை இப்ப நாமதான் சொல்லிக் குடுத்துட்டு வந்தோம்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு அதிக நேரம் இல்ல சார். போலீஸைக் கூப்பிடலாமா?"

"இன்னிக்குத் தடுத்தா நாளைக்குப் பண்ணுவாரு. சரியான பேரைக் குடுத்தாதான் நிப்பாரு."

"மேனேஜர்தான் சார். பழசைப் போடுன்னு கத்தினதே அவர். தடயத்தைத் துடைக்கத்தான் கத்தியிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும், கழுத்துல பலகை மாட்டிக்கிட்டு வரணுமா?"

"டீ சொல்லு."

"இப்பவா?"

"இப்பத்தான். பேப்பர் கப் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர். ஸ்பூனோட."

கூட்ட அறையில் ஐந்தே நாற்காலிகள் இருந்தன. ரேடியோ சுவர் ஓரம் தேநீர்த் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார். ஸ்டோர்கீப்பர் இரண்டு கையாலும் டம்ளரைப் பொத்திக் குளிர் காய்ந்தார். சூப்பர்வைசர் டம்ளரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத் தன் பேப்பர் கப்பையே கொண்டுவந்திருந்தார். இன்ஜினியர் மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் குளிர் அறைச் சாவியின் வளையம் எட்டிப் பார்த்தது.

பூட்டு பேசத் தொடங்கினார். புதிய வெர்ஷனின் சிறப்புகள் பற்றி, பயனர்களின் ஒத்துழைப்புப் பற்றி, இன்னும் என்னென்னவோ. அவர் ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி ரேடியோ கேட்டதே இல்லை. ஒன்றுக்கும் அர்த்தம் இல்லை என்பது வேறு விஷயம்.

"சார், எனக்கு நாலு மணிக்கு வேலை இருக்கு," என்றார் மேனேஜர். "அன்னிக்கு என் ஸ்க்ரீன் வெள்ளையா இருந்துச்சு. இன்னிக்கும் அப்படி இருந்தா மறுபடி பழசுதான். அவ்வளவுதான் என் கருத்து."

"ஸ்க்ரீனை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றாள் ரேடியோ பவ்யமாக. அப்படியே தன் டம்ளரில் சர்க்கரையைக் கலக்கினாள். பூட்டு கண்ணை மூடித் திறந்தார். அவள் ஸ்பூனை எடுத்து டம்ளரின் விளிம்பில் தட்டினாள். மூன்று தட்டு. ஒரு மூச்சு நிறுத்தினாள். இரண்டு.

இன்ஜினியர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. எழுந்தது அவருக்கே தெரியாது போலிருந்தது.

"சர்க்கரை கரைஞ்சிருக்கும்மா, விடுங்க," என்றார் மேனேஜர்.

ஸ்டோர்கீப்பர் இன்னும் தேநீர் மிச்சமிருக்கிறதா என்று கெட்டிலை எட்டிப் பார்த்தார்.

சூப்பர்வைசரின் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. போனை வெளியே எடுத்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் இருண்ட திரையின் கீழ்மூலையை அமுக்கியது. மறுபடி அமுக்கியது.

"யார் கூப்பிட்டாங்க?" என்றார் பூட்டு.

சூப்பர்வைசர் போனைப் பார்த்தார். பிறகு ரேடியோவின் டம்ளரைப் பார்த்தார். "யாரும்... ஏதோ வந்த மாதிரி இருந்துச்சு."

"உங்க போன் எப்படி அடிக்கும்?"

"பாட்டு."

"இது பாட்டு இல்ல. ஒரு பொம்பளை டீ கலக்குற சத்தம். மேனேஜருக்குச் சர்க்கரை ஞாபகம் வந்துச்சு. ஸ்டோர்கீப்பருக்கு இன்னொரு டீ ஞாபகம் வந்துச்சு. இதைக் கேட்டுப் போனை எடுத்து அமுக்கணும்னு தோணற ஆள் ஒருத்தர்தான் இருக்க முடியும். இந்தச் சத்தம் போன்ல ஒரு தடவைதான் அடிச்சிருக்கு. சின்னவன் விழிச்சிருந்த அந்த அரை மணில."

ரேடியோ பேப்பர் கப்பைப் பார்த்தாள். அவர் சிஸ்டம் அறைக்குள் வந்ததிலிருந்தே அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஒரு மாசமா எவர்சில்வர் ஒத்துக்கலையோ," என்றாள். அதில் கேலி இல்லை.

"வீட்லயும் எல்லாத்தையும் பிளாஸ்டிக்கா மாத்திட்டேன்," என்றார் சூப்பர்வைசர். குரல் மேஜைக்குள் விழுந்தது. "டெஸ்ட்டுன்னு நினைச்சேன் மாப்பிள்ளை. அன்னிக்குக் காலைலேர்ந்து டெஸ்ட்டா வந்துக்கிட்டிருந்துச்சு. வந்தா அமுக்கிடறதுதானே. எல்லாரும் அப்படித்தானே பண்றோம். ஏணி மேல நின்னுக்கிட்டிருந்தேன், ஒரு கைல வயரு. சத்தம் புதுசா இருந்துச்சு. மாப்பிள்ளை ஏதோ விளையாடுறாருன்னு நினைச்சேன். என்ன எழுதியிருக்குன்னுகூடப் பாக்கல."

"சாயங்காலம் பச்சை விளக்கைப் பாத்தீங்க," என்றார் பூட்டு.

"பாத்தேன்."

"அது எதுக்கு எரியும்னும் உங்களுக்குத் தெரியும். பலகையை மாட்டினதே நீங்க."

"அணைச்சுட்டேன்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அப்ப கம்பெனி மேல தப்பில்லைன்னு..."

இன்ஜினியர் அவர் பக்கம் திரும்பினார். "கைப்பிடி ஆடுதுன்னு அவ ரெண்டு தடவை உங்ககிட்ட வந்து சொன்னா. நேர்ல. உங்க முறை அப்புறம்."

மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். அவருடைய நாலு மணி வேலை அந்த நிமிடத்தோடு ரத்தானது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ரேடியோவின் டம்ளரைக் கும்பிட்டிருப்பார்.

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். பூட்டு அதன் பக்கத்தில் கைப்பிடியை வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு மாசம்," என்றார் இன்ஜினியர். "பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னீங்க. நான்தான் கொன்னேன்னு ஊரே சொல்லுச்சு. கேட்டுக்கிட்டிருந்தீங்க. அப்புறம் இந்த ஆளைக் கைகாட்டினீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா செஞ்சு முடிச்சிருப்பேன் மச்சான்."

சூப்பர்வைசர் எழுந்தார். சாவியை எடுத்து நீட்டினார். "என்னை உள்ள வெச்சுப் பூட்டுங்க மாப்பிள்ளை. நானே போறேன். பொத்தானைத் தொட மாட்டேன்."

ரேடியோ ஒரு அடி முன்னால் வைத்தாள். பூட்டு அவளைத் தடுத்தார்.

இன்ஜினியர் சாவியை வாங்கவில்லை. அதைப் பார்க்கக்கூட இல்லை. "அது உங்களுக்குச் சுலபம்," என்றார்.

தன் போனை எடுத்தார். ஒரு எண்ணை அழுத்தினார், ஸ்பீக்கரைப் போட்டார், மேஜை நடுவே வைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வயதானவர்கள் போனைத் தேடி எடுக்க ஆகும் நேரம்.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றது ஒரு அம்மாவின் குரல். "சாப்பிட்டீங்களா? அந்தப் பாவி பேரு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

"யாரு? சொல்லுங்க. அவன் குடும்பமே விளங்காமப் போகணும்னு தினம் விளக்கு முன்னாடி அழுதுக்கிட்டிருக்கேன்."

"உங்க மகன் பக்கத்துலதான் இருக்காரு அத்தை. அவரே சொல்லுவாரு."

இன்ஜினியர் போனை மேஜையில் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய் பேப்பர் கப்பில் முட்டி நின்றது.

"என்னப்பா," என்றது குரல். "யாருப்பா அது?"

சூப்பர்வைசரின் கட்டைவிரல் தானாக நகர்ந்தது. திரையின் கீழ்மூலைக்குப் போயிற்று. இன்ஜினியர் எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கவில்லை, விடவும் இல்லை.

"இந்தத் தடவை அமுக்காதீங்க, மச்சான்," என்றார். "பேசுங்க."